ஓவியமும் இலக்கியமும் அன்றைய செய்தியும்: ஒரு சிந்தனைக் குறிப்பேட்டை எழுதும் முறை

ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அன்றைய அரசியலைப் பற்றி எழுத உட்காரும்போது, ஓவியத்தை இரண்டு வரிகளில் கடந்து செய்திக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம் எவருக்கும் வரும். ஐரோப்பிய ஓவியங்களையும் அவற்றோடு உறவுள்ள இலக்கியத்தையும் நடப்பு அரசியலையும் ஒரே குறிப்பேட்டில் பல ஆண்டுகளாக எழுதிவரும் எனக்கும் அந்த அவசரம் இருந்தது. தொடக்ககாலப் பக்கங்களை இன்று புரட்டினால் அவற்றில் ஓவியத்தைக் காணவில்லை, அன்று எனக்கிருந்த கோபம் மட்டுமே இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்த பிறகு நான் வகுத்துக்கொண்ட வரிசை எளிமையானது. முதலில் கண்ணால் கண்டது, அடுத்து ஓவியம் பிறந்த ஆண்டும் அதற்குப் பணம் கொடுத்தவரும், அதன்பின் இலக்கியம், கடைசியில்தான் செய்தி. இந்த வரிசையில் ஒரு குறிப்பை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகும். நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

தேவையான பொருள்கள் மிகக் குறைவு. மாட்ரிட்டின் பிராதோ, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், பாரிஸின் லூவ்ர் ஆகியவை தங்கள் ஓவியங்களின் படங்களை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. திரையில் பார்க்கிறவர் குறிப்பின் முதல் வரியாக ஓவியத்தின் அளவை எழுதிவிட வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துவேன். பிக்காசோவின் 'குவெர்னிகா' 349 சென்டிமீட்டர் உயரமும் 776 சென்டிமீட்டர் அகலமும் உடையது. பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகல் 1562இல் தீட்டிய 'இரண்டு குரங்குகள்' இரு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் மறைந்துவிடும் சிறு பலகை. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஒன்று கூட்டத்தின் முன் நின்று பேசுவதற்காகவும் மற்றொன்று ஒருவர் குனிந்து பார்ப்பதற்காகவும் செய்யப்பட்டவை என்பது அளவை எழுதும்போதுதான் மனத்தில் பதியும்.

கண்டதை மட்டும் எழுதுதல்

முதல் இரண்டு நாள்களும் வேறு எதையும் படிக்காமல், படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். 'துயரம்', 'கொடுமை', 'எதிர்ப்பு' போன்ற சொற்களை இந்தப் பகுதியில் பயன்படுத்தக்கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அவை பார்வையின் முடிவுகள். பார்வை இன்னும் தொடங்கவில்லை.

ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவின் 'மே 3, 1808' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இரவு. தரையில் சதுரமான பெரிய விளக்கு ஒன்று. வலப்புறம் சிப்பாய்கள் வரிசையாக நின்று துப்பாக்கியை நீட்டியிருக்கிறார்கள். அவர்களின் முதுகும் தோள்பையும் உடைவாளும் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. இடப்புறம் வெள்ளைச் சட்டையும் மஞ்சள் கால்சட்டையும் அணிந்த ஒருவன் இரு கைகளையும் விரித்து உயர்த்தியிருக்கிறான். அவனருகே உச்சந்தலை மழித்த துறவி ஒருவர் கைகளைக் கோத்திருக்கிறார். முன்னால் ஒருவன் குப்புற விழுந்து, அவனைச் சுற்றி இரத்தம் பரவியிருக்கிறது. பின்னால் இருளில் நகரம்.

இவ்வளவையும் எழுதிய பிறகுதான், முதல் பார்வையில் தப்பியவை ஒவ்வொன்றாக வருகின்றன. வெள்ளைச் சட்டைக்காரன் முழங்காலிட்டிருக்கிறான். அவன் எழுந்து நின்றால் படத்திலுள்ள எல்லாரையும்விட உயரமானவனாக இருப்பான். அவனுடைய வலது உள்ளங்கையில் ஒரு வடு தெரிகிறது, சிலுவையில் அறையப்பட்ட ஏசுவின் கையை நினைவூட்டும் வடு. விளக்கு சிப்பாய்களுடையது, சுடுவதற்கு வசதியாக அவர்கள் கொண்டுவந்து வைத்தது. அந்த ஒளிதான் சாகப்போகிறவனின் முகத்தை நமக்குக் காட்டுகிறது. கொல்பவர்களின் விளக்கே கொல்லப்படுபவனுக்குச் சாட்சியாகிறது என்ற எண்ணம் எனக்கு மூன்றாம் முறை பார்த்தபோதுதான் வந்தது, அதற்காகவே இந்தப் பயிற்சியை எவருக்கும் பரிந்துரைப்பேன். எந்த நூலையும் படிக்காமல், கண்ணை மட்டும் நம்பி ஒருவர் இந்த இடத்துக்கு வந்துசேர முடியும்.

ஆண்டும் பணமும்

மூன்றாம் நாள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். நிகழ்ச்சிக்கும் ஓவியத்துக்கும் இடையே எத்தனை ஆண்டு? யார் கேட்டு, யார் பணத்தில் இது தீட்டப்பட்டது?

மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படைக்கு எதிராக 1808 மே 2 அன்று கிளர்ந்தார்கள். அன்றிரவும் மறுநாள் விடியலிலும் பிடிபட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோயா இதைத் தீட்டியது 1814இல், பிரெஞ்சுப் படை வெளியேறிய பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர், நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினின் அரசராக அமர்ந்திருந்த ஆட்சியோடு உறவிலேயே இருந்தார். ஐரோப்பாவின் கொடுங்கோலனுக்கு எதிரான எழுச்சியின் வீரக் காட்சிகளைத் தீட்ட விரும்புவதாக 1814 பிப்ரவரியில் அவரே ஆட்சிக் குழுவுக்கு விண்ணப்பித்து உதவி கேட்டார். அதே ஆண்டு மே மாதத்தில், திரும்பிவந்த அரசர் ஏழாம் பெர்டினாண்ட் 1812ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ரத்துசெய்தார். ஆகவே இந்த ஓவியம் துப்பாக்கியின் முன்னால் நின்று வரையப்பட்டதன்று; தன் நிலையைப் புதிய ஆட்சியின் முன் சரிசெய்துகொள்ள வேண்டிய கட்டாயத்திலிருந்த, அறுபது வயதைக் கடந்த அரசவை ஓவியர் ஒருவரின் படைப்பு. இதை அறிந்த பின்னும் அந்த வெள்ளைச் சட்டை மங்கவில்லை. நம் குறிப்பில் 'அஞ்சாத கலைஞர்' என்று எழுதவிருந்த சொல்லை மட்டும் அது அடித்துவிடுகிறது.

இதே கோயா அந்தப் போரின் கொடுமைகளை எண்பதுக்கும் மேற்பட்ட செதுக்கோவியங்களாகவும் செய்துவைத்தார். அவற்றை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1828இல் அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் அவை தொகுப்பாக அச்சாயின. அவற்றில் ஒன்றின் கீழ் 'இதை நான் கண்டேன்' என்று எழுதியிருக்கிறார். அரசிடம் விண்ணப்பித்துத் தீட்டியதையும், வெளியிடாமல் வைத்திருந்ததையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதிப் பாருங்கள். ஒரே மனிதரின் இரண்டு குரல்கள் கேட்கும்.

ஆண்டைச் சரிபார்க்காததால் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலாக்ருவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' 1789ஆம் ஆண்டின் புரட்சியைக் காட்டுகிறது என்று எண்ணிக்கொண்டு, பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அது 1830 ஜூலைக் கிளர்ச்சியைப் பற்றியது. அந்தக் கிளர்ச்சி பத்தாம் சார்லஸை விரட்டியது. அவருக்குப் பின் வந்தது குடியரசன்று, லூயி பிலிப் என்ற இன்னோர் அரசர். புதிய அரசு அந்த ஓவியத்தை 3,000 பிராங்குக்கு வாங்கியது, பிறகு அது மக்களைத் தூண்டிவிடும் என்று அஞ்சி நெடுங்காலம் பார்வைக்கு வைக்காமல் ஒதுக்கியது. தடுப்பரண் மீது ஏறி வந்த ஆட்சியே தடுப்பரண் ஓவியத்தைக் கண்டு அஞ்சியது என்ற இந்தச் செய்தி, 1789 என்று நினைத்து எழுதிய என் இரண்டு பக்கங்களிலும் வருவதற்கு வழியே இல்லை. 2019இன் தொடக்கத்தில், பிரெஞ்சு அரசுக்கு எதிராகக் கிளர்ந்த மஞ்சள் மேலங்கிப் போராட்டக்காரர்களை இதே ஓவியத்தின் அமைப்பில் வைத்துப் பாரிஸின் சுவர் ஒன்றில் வரைந்தார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர், மூல ஓவியத்துக்குப் பின்னால் ஏமாற்றத்தில் முடிந்த கிளர்ச்சி ஒன்று இருப்பதை அறிந்து எழுதினால் அந்தச் சுவரோவியமும் வேறு பொருள் தரும்.

ஆண்டு மட்டுமன்று, மாதமும் முக்கியம் என்பதற்குப் புரூகலின் 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை' எடுத்துக்காட்டு. ஏரோது அரசன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட விவிலியக் கதையை அவர் பனி மூடிய பிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) கிராமத்தில் நடப்பதாகத் தீட்டினார். அப்பகுதியை அப்போது ஆண்ட ஸ்பானிய அரசு அனுப்பிய ஆல்பா பிரபுவின் படையைக் கண்டித்து வரைந்தார் என்று சொல்லிவிட மனம் துடிக்கும். ஆனால் ஓவியத்துக்குக் கணிக்கப்படும் காலம் 1565 முதல் 1567 வரை. ஆல்பா பிரஸ்ஸல்ஸுக்கு வந்துசேர்ந்தது 1567 ஆகஸ்டில். எனவே 'இருக்கலாம்' என்ற சொல்லைத் தாண்டி நம்மால் போக முடியாது. ஐயமில்லாமல் சொல்லக்கூடிய அரசியல் ஒன்று இதே ஓவியத்தில் உண்டு. பிராகாவில் பேரரசர் இரண்டாம் ருடோல்பின் உடைமையாக அது இருந்தபோது, கொல்லப்படும் குழந்தைகளின் மேல் மூட்டைகளையும் விலங்குகளையும் பறவைகளையும் தீட்டி மறைத்துவிட்டார்கள். படுகொலை, வெறும் சூறையாடல் ஆகிவிட்டது. இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ள அந்தப் படத்தில், தாய் ஒருத்தி மடியில் கிடக்கும் மூட்டையைப் பார்த்து அழுகிறாள்.

இலக்கியத்தைச் சேர்த்தல்

எல்லா ஓவியத்துக்கும் ஒரு நூலைத் தேடிக் கோக்க வேண்டியதில்லை. உறவு உண்மையாக இருக்கும்போது, எது முந்தியது என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். தெலாக்ருவாவின் ஓவியத்தில் இரு கைகளிலும் கைத்துப்பாக்கி ஏந்தி ஓடிவரும் சிறுவனைப் பார்த்ததும் விக்தோர் ஹ்யூகோ 'லே மிசெராபிள்' நாவலில் படைத்த கவ்ரோஷ் நினைவுக்கு வருவான். ஓவியம் 1831இல் காட்சிக்கு வந்தது. நாவல் 1862இல் வெளியானது. நாவலின் தடுப்பரண் 1832 ஜூன் மாதக் கிளர்ச்சிக்குரியது. ஆகவே நாவலின் சிறுவனை ஓவியர் வரைந்தார் என்று எழுதினால் காலம் தலைகீழாகிவிடும்.

சியெனாவின் சுவரில் ஒரு முழுப் பயிற்சி

மூன்று இழைகளும் ஒன்றாக முறுக்கிக்கொண்ட ஓர் இடத்தில் முதல் குறிப்பை எழுதிப் பழக வேண்டுமென்றால், இத்தாலியின் சியெனா நகர மாளிகையில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338, 1339 ஆண்டுகளில் தீட்டிய நல்லாட்சி, தீயாட்சிச் சுவரோவியங்களைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அப்போது அந்நகரை ஆண்டது 'ஒன்பதின்மர்' என்ற குழு. அவர்கள் கூடி முடிவெடுத்த அறையின் மூன்று சுவர்களிலும் இவை இருக்கின்றன.

ஒரு சுவரில் நீதியின் தராசிலிருந்து இறங்கும் கயிறுகள் ஒத்திசைவு என்ற பெண்ணின் கைக்கு வந்து, அங்கிருந்து வரிசையாக நிற்கும் 24 குடிமக்களின் கை வழியாகச் சென்று, நகரின் பொதுநலனைக் குறிக்கும் முதியவரிடம் முடிகின்றன. அந்த ஒத்திசைவின் மடியில் ஒரு தச்சரின் இழைப்புளி இருக்கிறது, மேடுபள்ளத்தைச் சீவிச் சமன்செய்யும் கருவி. அதை ஒட்டிய தீயாட்சிச் சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோன்மை அமர்ந்திருக்க, அதன் காலடியில் நீதி கட்டுண்டு கிடக்கிறது. அருகே பிளவு என்ற பெண். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான அவளுடைய உடையில் 'ஆம்', 'இல்லை' என்று எழுதியிருக்கிறது, கையிலிருக்கும் ரம்பத்தால் அவள் தன்னையே அறுத்துக்கொள்கிறாள். இழைப்புளியும் ரம்பமும் ஒரே தச்சுப் பட்டறையின் கருவிகள் என்பதைக் கவனித்த அன்று என் குறிப்பு அங்கேயே நின்றுவிட்டது, அதற்குமேல் எழுத மனமில்லை. தீயாட்சி நகரத்தில் வேலை நடப்பது ஆயுதம் செய்பவரின் கடையில் மட்டும்தான்.

இந்தச் சுவர்களில் ஓவியத்தை விளக்கும் செய்யுள்கள் இலத்தீனில் இல்லாமல் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதப்பட்டிருப்பதில்தான் இலக்கிய வரலாறு நுழைகிறது. 1321இல் இறந்த தாந்தே தம் பெருங்காப்பியத்தை அந்த மக்கள் மொழியிலேயே எழுதியிருந்தார். சியெனா அரசோ 1309, 1310 ஆண்டுகளில் தன் சட்டத் தொகுப்பை இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாற்றி, ஏழைகளும் இலத்தீன் அறியாதவர்களும் படிக்கும்படி பெரிய, தெளிவான எழுத்தில் எழுதிவைக்க ஆணையிட்டது. காப்பியம், சட்டம், சுவர் ஆகிய மூன்றும் ஒரு தலைமுறைக்குள் ஒரே மொழிக்கு மாறின. ஒருவர் பல மாதம் சிந்திப்பதற்கு இது போதுமான செய்தி. கூடவே, பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியையும் விட்டுவிடக்கூடாது: ஒன்பதின்மர் பெரும்பாலும் வணிகர்கள், பெருங்குடி மேன்மக்களை அந்தப் பதவிக்கு வெளியே நிறுத்தியவர்கள், தங்கள் ஆட்சிக்கான புகழ்ச்சியைத் தங்கள் அறையிலேயே தீட்டிக்கொண்டவர்கள். 1348இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியது. 1355இல் அவர்களுடைய ஆட்சி கவிழ்ந்தது.

இனிச் செய்தி. 'ஆம்', 'இல்லை' என்ற உடையைக் கண்டதும் வாக்கெடுப்புகள் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. 2014இல் ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற கேள்விக்கு மக்கள் ஆம், இல்லை என்றே விடையளித்தார்கள், 44.7 விழுக்காட்டினர் ஆம், 55.3 விழுக்காட்டினர் இல்லை. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேற 51.9 விழுக்காட்டினரும் நீடிக்க 48.1 விழுக்காட்டினரும் வாக்களித்தார்கள். தன்னையே அறுத்துக்கொள்ளும் பெண்ணை இந்த எண்களின் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பேனாவை மூடிவிடலாம் என்று தோன்றும்.

அந்த இடத்தில்தான் எழுதுகிறவர் நிற்க வேண்டும். உவமையணியோடு நின்றுவிடாமல் வேற்றுமையணி வரை போக வேண்டும் என்று இதை நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன். நம் அணியிலக்கணத்தில் வேற்றுமையணி என்பது இரு பொருள்களின் ஒப்புமையை முதலில் கூறி, பின்னர் அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது. சியெனாவும் பிளாரன்ஸும் அறிந்த பிளவில் தோற்ற பக்கம் ஊரைவிட்டே போக வேண்டும். தாந்தே 1302இல் பிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்து பிடிபட்டால் எரித்துக் கொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் திரும்பவே இல்லை. எடின்பரோவிலும் லண்டனிலும் தோற்றவர்கள் மறுநாள் காலை தங்கள் வீட்டிலேயே விழித்தெழுந்து, அதே கேள்வியை மறுபடி எழுப்பும் உரிமையோடு இருந்தார்கள். எண்ணப்பட்ட பிளவு வேறு, அறுக்கப்பட்ட பிளவு வேறு. இந்த வேற்றுமையை எழுதிய பிறகு, எஞ்சியிருக்கும் ஒப்புமை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். என் குறிப்பில் எஞ்சியது ஒரே வரி, ஆனால் அந்த வரியை இன்றும் நான் நம்புகிறேன்: இரண்டு சொற்களுக்குள் அடைக்க முடியாத ஒரு கேள்வியை இரண்டு சொற்களுக்குள் அடைக்கும்போது, அடைபடாத பகுதி ரம்பமாக மாறுகிறது.

வேற்றுமை எதிர்த்திசையில் உதவுவதும் உண்டு. மத்தியதரைக் கடலில் மூழ்கும் படகுகளைப் பற்றி எழுதும் பலர் தியோடர் ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்' ஓவியத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஓவியம் 1819இல் காட்சிக்கு வந்தது; மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் விபத்துக்குள்ளானது 1816 ஜூலையில்; தெப்பத்தில் ஏற்றப்பட்ட ஏறத்தாழ 147 பேரில் 13 நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர். தெப்பத்தை இழுத்துச்சென்ற படகுகளில் இருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கப்பல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எழுதிப் பாருங்கள்: செனகலைப் பிரான்சின் குடியேற்ற நாடாகத் திரும்பப் பெறுவதற்காக, ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு. இன்றைய படகுகள் எதிர்த்திசையில் வருகின்றன. இங்கே வேற்றுமை ஒப்புமையைக் குறைக்கவில்லை, ஆழப்படுத்துகிறது.

பெயரைச் சொல்லாமல் எழுதுதல்

செய்தியை எழுதும்போது அரசியல்வாதிகளின் பெயரை எத்தனை முறை எழுதுகிறோம் என்று எண்ணுங்கள். போலந்துக் கவிஞர் விஸ்வாவா சிம்போர்ஸ்கா, நான் தொடக்கத்தில் சொன்ன புரூகலின் இரண்டு குரங்குகளைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதினார்; அது 1957இல் வெளியானது. சன்னலில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட குரங்குகள். மனித வரலாற்றுத் தேர்வில் விடை தெரியாமல் திணறும் ஒருவர். விடையைச் சங்கிலியின் மெல்லிய ஒலியால் எடுத்துக்கொடுக்கும் ஒரு குரங்கு. ஸ்டாலின் காலத்து இறுக்கம் தளரத் தொடங்கிய நாட்டில் அதைப் படித்தவர்களுக்கு எந்தப் பெயரும் தேவைப்படவில்லை. பெயரை நீக்கியபின் உங்கள் பத்தி பொருளிழந்து போனால், அது ஓவியத்தைப் பற்றிய பத்தியாக இருக்கவில்லை என்று கொள்ளலாம்.

ஓவியமே செய்தியாகும் நாள்கள் உண்டு. அப்போது மட்டும் பெயரும் தேதியும் கட்டாயம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் வாயிலில் தொங்கிய 'குவெர்னிகா' திரைச்சீலையை 2003 பிப்ரவரியில், ஈராக் மீதான போருக்கு ஆதரவாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அந்த அவையில் பேசிய காலத்தில், நீலத் துணியால் மூடினார்கள். தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு ஏற்ற பின்புலம் வேண்டும் என்று விளக்கம் சொல்லப்பட்டது. போர்ப் பேச்சுக்குப் பின்னால் குண்டுவீச்சின் படம் தெரியக்கூடாது என்பதே காரணம் என்று பலர் கருதினார்கள். இரண்டையும் எழுதுங்கள். 1937 ஏப்ரல் 26 அன்று பாஸ்க் நகரமான குவெர்னிகாவின் மீது குண்டு வீசிய ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களில் ஒன்றுகூடப் பிக்காசோவின் படத்தில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய குறிப்பைத் திருத்தும்போது

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் எழுதிய தேதி இருக்கட்டும். ஓராண்டு கழித்து அதைப் படிக்கும்போது கருத்து மாறியிருந்தால், பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே புதிய தேதியிட்டுப் புதிய வரியை எழுதுங்கள். கோயா 1810இல் மாட்ரிட் நகருக்காகத் தீட்டிய உருவக ஓவியம் ஒன்றின் பதக்க வட்டத்தில் முதலில் அரசர் ஜோசப்பின் முகம் இருந்தது. ஆட்சி மாறியபோதெல்லாம் அந்த வட்டத்துக்குள் வேறொன்று வந்தது: அரசியலமைப்பு என்ற சொல், மீண்டும் ஜோசப், ஏழாம் பெர்டினாண்ட், இறுதியாக 1872இல் 'மே இரண்டு' என்ற சொற்கள். சுற்றிலும் உள்ள பெண்ணும் தேவதைகளும் இன்றும் அதே வட்டத்தைத்தான் தாங்கிச் சுட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் குறிப்பேட்டில் தெலாக்ருவாவைப் பற்றிய இரண்டு பக்கங்களும் 1789 என்ற பிழையோடு அப்படியே இருக்கின்றன. அவற்றின் கீழே, வேறு மையில், 1830 என்று எழுதித் தேதியிட்டிருக்கிறேன்.